மோட்டார் ஓடுதா, நின்னுச்சா?

எங்கள் சைதாப்பேட்டை வீடு இப்போது கெட்டிக்கார வீடு. அப்படி ஆகும்வரை அது மக்கு வீடு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. வாசல்படியை ஒட்டி வரிசையாக எட்டு ஸ்விட்ச் கொண்ட ஒரு போர்டு. எது எதற்கு என்பது குடும்ப ரகசியம். மூன்றாவது ஃபேன், ஆறாவது வாசல் விளக்கு. ஐந்தாவதைப் போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் அதைத் தொடக்கூடாது என்பது அப்பா காலத்து உத்தரவு. விருந்தாளி வந்தால் எட்டையும் தட்டிப் பார்த்து, எப்படியோ டியூப்லைட்டை எரியவிட்டுவிடுவார்.

இந்த ஸ்விட்ச் குழப்பம் சைதாப்பேட்டைக்கு மட்டும் உரியதல்ல. அன்றாடச் சாமான்களின் வடிவமைப்பைப் பற்றி 1988-ல் புத்தகம் எழுதிய டொனால்ட் நார்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் இதில் அவதிப்பட்டவர்தான். வீட்டுக் கூடத்தின் வரைபடம் போலவே ஒரு பலகை செய்து, விளக்கு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் அதன் ஸ்விட்சைப் பதித்துக்கொண்டார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. மனப்பாடம் செய்துகொண்டோம்.

தங்கை மகன் தரமணியில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறான். வீட்டுக்கு மூளை வைத்தது அவன்தான். பவுலுஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013-ல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் சொருகினான். ஊர் உலகத்தில் எத்தனையோ பேர் காசு வாங்காமல் உழைத்து வளர்த்த சரக்கு. அதன்மேல் எனக்குப் புகார் கிடையாது. என் புகாரெல்லாம் அதன் தலைமேல் இவன் தன் கைப்பட வடிவமைத்த பக்கத்தைப் பற்றித்தான்.

பல்புகளை எல்லாம் ஸ்மார்ட் பல்பாக மாற்றினான். அவற்றுக்கு எந்நேரமும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். அதனால் சுவரில் இருந்த ஸ்விட்சுகளின் மேல் செல்லோடேப் ஒட்டி, "தொடாதீர்கள்" என்று எழுதினான். ஐந்தாவது ஸ்விட்சுக்கு மட்டும் இருந்த மரியாதை இப்போது எட்டுக்கும் கிடைத்தது.

"இனிமே எல்லாம் பிரவுசர்லயே பண்ணிக்கலாம் மாமா. யூஸ் பண்ணிப் பார்த்து ஃபீட்பேக் மட்டும் குடுங்க" என்றான்.

"ஊரைக் கூட்டணுமா?"

"அஞ்சு பேர் போதும்."

அதற்கும் ஆதாரம் வைத்திருந்தான். யாக்கோப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம்: ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தால் ஒரு வலைப்பக்கத்தின் குறைகளில் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மா, மனைவி, மகள், வேலைக்கு வரும் அக்கா, நான் என்று சரியாக ஐந்து பேர். நீல்சன் எங்கள் ரேஷன் கார்டைப் பார்த்துத்தான் எழுதியிருப்பாரோ என்று சந்தேகம் வந்தது.

முதலில் என் மனைவி. காலையில் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மெட்ரோ வாட்டர் வந்து சம்ப் நிறைந்ததா, மோட்டார் ஓடுகிறதா? பக்கத்தைத் திறந்தால் கறுப்புப் பின்னணியில் கூடத்தின் ஈரப்பதம் 78 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் வருகிறது. சென்னைவாசிக்கு ஈரப்பதத்தை எண்ணில் சொல்லத் தேவையில்லை, பனியன் சொல்லிவிடும். அதற்குக் கீழே சூரிய உதய நேரம், வளர்பிறையா தேய்பிறையா, வைஃபை எவ்வளவு திடமாக இருக்கிறது என்ற விவரங்கள். மோட்டார் மட்டும் மூன்று மெனு தாண்டி உள்ளே போய், "ஸ்விட்ச் டாட் ரிலே அண்டர்ஸ்கோர் ஃபோர்" என்ற பெயரில் தலைமறைவாக இருந்தது. தொட்டால் பொத்தான் நீலமாகிறது, இரண்டு நொடியில் வெள்ளைக்குத் திரும்புகிறது, மறுபடி நீலம்.

"ஏங்க, இப்ப மோட்டார் ஓடுதா, நின்னுச்சா?"

ஒரு கருவி தான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எதிரில் இருப்பவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது அதே நீல்சன் 1994-ல் வகுத்த பத்து விதிகளில் முதலாவது. என் மனைவி நீல்சனைப் படித்ததில்லை. கொல்லைப்பக்கம் போய் மோட்டாரில் கையை வைத்துப் பார்த்து, அதிர்வதை உறுதி செய்துகொண்டாள்.

மகள் ஒருத்திதான் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தாள். கல்லூரியில் உட்கார்ந்துகொண்டே நான் பார்க்கும் டிவியை அணைக்க முடிகிறது என்பது அவள் கண்டுபிடித்த வசதி. கடைசி ஓவரில் ஒரு தடவை செய்து காட்டினாள்.

வேலைக்கு வரும் அக்கா விடிகாலையில் வருபவர். அவருக்கு லாகின் கொடுக்கவில்லை; பாதுகாப்புப் பிரச்சினையாம். வீட்டுச் சாவியே அவரிடம்தான் இருக்கிறது என்பதைப் பையன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வந்தவர் இருட்டில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்னை எழுப்பினார். "சார், லைட்டப் போடணும்னா செல்லு வேணும்ன்றீங்க. செல்லு எங்க இருக்குன்னு தேடறதுக்கு லைட்டு வேணாமா?" இந்தக் கேள்விக்கு இதுவரை தரமணியிலிருந்து பதில் வரவில்லை.

அம்மாவின் வழக்கு கொஞ்சம் பெரியது. வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதைச் செல்போன்களை வைத்துத்தான் அந்தப் பக்கம் தெரிந்துகொள்கிறது. போன்கள் எல்லாம் வீட்டை விட்டு வெளியேறினால் வீடு காலி என்று பொருள். உடனே விளக்கும் ஃபேனும் அணைந்துவிடும். மின்சாரச் சிக்கனம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நான் ஒரு வேலையாகப் பனகல் மாளிகைக்கும், மனைவி பஜார் ரோட்டுக்குக் காய் வாங்கவும், மகள் கல்லூரிக்கும் போன ஒரு சித்திரை மத்தியானத்தில், அம்மாவைக் கூடத்தில் வைத்துக்கொண்டே வீடு தன்னைக் காலியென்று அறிவித்து ஃபேனை நிறுத்திவிட்டது. நான் திரும்பியபோது அம்மா பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா கட்டின வீடுடா. நான் உக்காந்திருக்கேன், ஆளில்லைன்னு சொல்லுது."

போனைக் கையில் கொடுத்துப் பூஜையறை விளக்கை அணைக்கச் சொன்னபோது அம்மாவுக்கு இன்னொரு அவமானம் நேர்ந்தது. "நிச்சயமாக அணைக்க வேண்டுமா?" என்று பக்கம் கேட்டது. "நான் சொன்னா சொன்னதுதான், திருப்பிக் கேக்கறதுக்கு இது யாரு?"

என்னுடைய புகார் ராத்திரியைச் சேர்ந்தது. நள்ளிரவில் கரண்ட் போய்விட்டுத் திரும்பி வந்தால், இந்தப் பல்புகள் தாங்கள் முன்பு அணைந்திருந்ததை மறந்துவிட்டு, எல்லாமே முழு வெளிச்சத்தில் எரிகின்றன. முகூர்த்தத்துக்குத் தயாரான கல்யாண மண்டபம் மாதிரி வீடு ஜொலிக்கும். எழுந்து அணைக்கப் போனால், மோடம் உயிர் பெறும்வரை பக்கம் திறக்காது. திறந்ததும் பாஸ்வேர்டு கேட்கும். தூக்கத்தில் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று. நடு ராத்திரியில் இருட்டைப் பெறுவதற்கு இத்தனை தகுதி வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கோவையாக எழுதி ஃபீட்பேக் கொடுத்தேன். முடிவாக ஒரு வரி சேர்த்தேன். சுவரில் இருந்த ஸ்விட்ச் எங்கள் எவரையும் "நீ யார்?" என்று கேட்டதில்லை. வீட்டுக்காரர், வேலைக்காரர், விருந்தாளி, கரண்ட் பில் கட்டுகிறவர், கட்டாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது; கை எட்டினால் போதும். நீ செய்த பக்கமோ ஒரு வீட்டில் ஓர் எஜமானன்தான் உண்டு, அவன் சட்டைப் பையில் சார்ஜ் போட்ட போன் எப்போதும் இருக்கும் என்று நம்புகிறது. எங்கள் வீட்டின் எஜமானியோ புடவை கட்டியவர், பையே கிடையாது.

பையன் நல்லவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனோடு வந்தான். ஸ்மார்ட் பல்புகளைக் கழற்றிவிட்டுச் சாதா எல்ஈடி மாட்டினான். போர்டைத் திறந்து, ஸ்விட்சுகளுக்குப் பின்னாலேயே சின்னச் சின்ன ரிலேக்களை வைத்தான். இப்போது சுவரிலும் போடலாம், போனிலும் போடலாம். செல்லோடேப் உரிக்கப்பட்டது. பக்கத்தில் நிலாவும் ஈரப்பதமும் நீங்கி, "மோட்டார்" என்று தமிழில் ஒரே ஒரு பெரிய பொத்தானும், மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்ற கோடும் வந்தன. நிறைந்தால் மோட்டார் தானே நின்றுவிடும் என்றான்.

நிறைந்தது. தொட்டியில் மிதக்கும் சென்சார் எங்கோ சிக்கிக்கொண்டு 62 சதவீதத்திலேயே நின்றது. தண்ணீர் மட்டும் மேலே ஏறி, தொட்டியைத் தாண்டி, சுவரோரமாகத் தெருவுக்கு இறங்கியது. நாங்கள் ஐந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்து 62-ஐ நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்போது பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த வீட்டு அம்மாவின் குரல், தெருவே திரும்பிப் பார்க்கும்படி: "தண்ணி வழியுதூ! மோட்டார ஆஃப் பண்ணுங்கோ!"

சென்சார் இல்லை, வைஃபை இல்லை, பாஸ்வேர்டு இல்லை. எங்கள் தெருவில் பல வருஷமாக ஒரு நாளும் தவறாமல் இயங்கிவரும் அறிவிப்பு முறை அது. ஐந்து பேரிடம் அகப்படாத பாக்கி 15 சதவீதக் குறையை ஆறாவது ஆள் மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடித்துவிட்டார்.

தங்கை மகனுக்கு போன் செய்து சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அவங்கள நம்ம சிஸ்டத்தோட கனெக்ட் பண்ண முடியுமா மாமா?"