தேங்காய் எண்ணெயும் துவிச்சக்கர வண்டியும்

கேள்வி: தவறாமல் தேங்காய் எண்ணெய் விட்டும் என் சைக்கிள் செயின் கீச்சிடுகிறதே, என்ன செய்யலாம்? (தோட்ட வாசகர், ஹட்டன்)

பதில்: ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும் சுபாவமுடைய தேங்காய் எண்ணெயை, 1,200 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஹட்டனின் குளிரில் சங்கிலிக்கு வார்ப்பது, அதற்கு எண்ணெய் ஸ்நானம் செய்விப்பதன்று, மெழுகு பூசுவதேயாகும். அதை விரதம்போல் தவறாமல் செய்துவரும் தங்கள் சிரத்தை மட்டும் மெய்யாகவே போற்றத்தக்கது.

1880-இல் ஹான்ஸ் ரெனோல்ட் காப்புரிமை பெற்ற உருளைச் சங்கிலியின் வம்சத்தில் வந்ததே தங்களுடையதும். அதன் தேய்மானமெல்லாம் ஊசிக்கும் அதைச் சூழ்ந்த குழலுக்கும் இடையே, கண்ணுக்குப் புலப்படாத அந்தரங்கத்தில் நிகழ்வதாகையால், வெளிப்புறம் எவ்வளவு மினுங்கினாலும் பிரயோசனமில்லை. ஆகவே, பழைய பல்துலக்கியை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, செம்மண்ணும் பழம்பிசுக்கும் கரைந்து கறுப்பாய் வழிந்தபின், துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். பின்னர், மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுழற்றியவாறு, உருளைக்கு ஒரு துளியாகத் தையல் இயந்திர எண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்து, வெளியே நிற்பதை ஈவிரக்கமின்றித் துடைத்தெடுங்கள்; அங்கே தங்கும் எண்ணெய் மண்ணுக்கு அழைப்பிதழ்! மெல்லிய எண்ணெயாதலால் மழையில் நனைந்த போதெல்லாம் மீண்டும் விட நேரும். சக்கர விளிம்பில் மட்டும் ஒரு துளியும் படலாகாது. நம் மலைச்சரிவில் பிரேக் வழுக்குவது பிராணாபத்து.

24 கண்ணிகள் 12 அங்குலத்தைக் கடந்து இன்னும் எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தால், எண்ணெயை மிச்சப்படுத்திப் புதுச் சங்கிலியே வாங்குங்கள்.