ஜூலை மாத மேனேஜர்

வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி ஊறிப்போன எந்த நகரத்திலும் இவரைப் பார்க்கலாம். வருஷத்தில் பதினொரு மாதம் ரசிகர். ஜூலை பிறந்துவிட்டால் மேனேஜர். நேஷனல் ஹாக்கி லீகில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை வழக்கமாக ஜூலை முதல் தேதி நண்பகலில்தான் அவிழ்த்துவிடுவார்கள். எந்த அணியும் விலை பேசலாம். கனடாவில் அன்றைக்கு நாட்டின் பிறந்தநாள், விடுமுறை. ஊரே வாணவேடிக்கைக்குக் கிளம்பும்போது இவர் டிவி முன்னால் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்பார். பட்டியலில் 25 வயதுக்காரர், 27 வயதுக்காரர் என்று எத்தனையோ பேர். இவர் கண் அங்கெல்லாம் தங்காது. வழுக்கிக்கொண்டே போய், நாற்பதைத் தொட்ட ஒரு செக்காரர் பெயரிலோ ஃபின்லாந்துக்காரர் பெயரிலோ ஒட்டிக்கொள்ளும். "இவரை மட்டும் எடுத்துட்டா போதும்" என்பார். "அந்த ஆள் இன்னுமா ஆடுறார்?" என்று வீட்டில் கேட்டால், கேட்டவருக்கு ஹாக்கி தெரியாது என்று பொருள்.

இவரைப் பார்த்துச் சிரிக்கலாம், நானும் சிரிக்கிறேன். ஆனால் இவர் சொல்வதில் விடை சரி, கணக்குப் போட்ட விதம்தான் தப்பு. பரீட்சைத் தாளில் இப்படி ஒரு பையன் எழுதினால் வாத்தியாருக்கு எவ்வளவு எரிச்சல் வருமோ அவ்வளவு எரிச்சல் இவரிடமும் வருகிறது. செக்காரரான யாரோமிர் யாகரை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால், அவர் ஆடிய பிட்ஸ்பர்க் அணி 1991-லும் 1992-லும் லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றதை எடுத்துவைப்பார். அன்றைக்குப் போட்ட கோல்கள் இனிமேல் ஸ்கோர்போர்டில் ஏறப்போவதில்லை. காட்ட வேண்டிய சான்று வேறு. ரஷ்யாவில் மூன்று பருவம் ஆடிவிட்டு, 2011-ல் 39 வயதில் திரும்பி வந்த யாகரை ஃபிலடெல்ஃபியா ஒரே ஒரு வருஷத்துக்கு, 33 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த வருஷம் ஓர் அணி மொத்தச் சம்பளத்துக்கு ஒதுக்கக்கூடிய உச்சவரம்பு 6 கோடியே 43 லட்சம். நூற்றுக்கு ஐந்து செலவில் 73 ஆட்டத்தில் 54 புள்ளி (கோலும், கோலுக்குக் கைகொடுத்த அசிஸ்ட்டும் சேர்த்து) வந்தது. அப்புறம் நியூ ஜெர்சிக்குப் போய், 82 ஆட்டமும் ஆடி, 67 புள்ளியோடு அணியிலேயே முதல் ஆளானார். 2015-16-ல் ஃபுளோரிடாவில் 66 புள்ளி. மறுபடி அணியில் முதலிடம். அந்தப் பருவத்தின் நடுவில்தான் அவருக்கு 44 வயது முடிந்தது. யாகர் மட்டும் விதிவிலக்கு என்றும் தள்ள முடியாது. ஃபின்லாந்தின் டீமு செலானே 2010-11-ல், நாற்பது வயதில், 73 ஆட்டத்தில் 80 புள்ளி எடுத்தவர்.

இது எப்படி நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயசு முதலில் பறிப்பது கால் வேகத்தை. இடுப்பையும் மணிக்கட்டையும் கண்ணையும் அது மெதுவாகத்தான் தொடும். யாகர் அரங்கின் பலகைச் சுவரோரம் பக்கைப் பிடித்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, பின்புறத்தை எதிராளி மேல் சாய்த்துவிடுவார். அந்த ரப்பர் வில்லை நீட்டிய கையின் கோடியில், மட்டை நுனியில் கிடக்கும். இருபது வயதுப் பையன் இந்தப் பக்கம் வந்தால் இடுப்பு இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் திரும்பும். அண்டாவைச் சுற்றிவரும் எறும்பு மாதிரி பையன் சுற்றிக்கொண்டே இருப்பான். இதற்கு வேகம் எதற்கு? ஆனால் நம் மேனேஜரிடம் இடுப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள், கோப்பையைப் பற்றித்தான் பதில் வரும்.

கிழவர்களை எடுத்தால் இளசுகளுக்கு இடம் போய்விடும் என்பது வழக்கமான எதிர்வாதம். ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர்கள் போக 18 பேருக்குத்தான் இடம் என்பதால் இதை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. ஆனால் ஃபுளோரிடாவில் யாகர் யாரோடு ஆடினார்? நடுவில் அலெக்ஸாண்டர் பார்கோவ், எதிர் ஓரத்தில் ஜொனாதன் ஹூபர்டோ. யாகர் கோப்பை தூக்கியபோது இருவரும் பிறக்கவே இல்லை. அவர் பக்கைக் காபந்து பண்ணிக் கொடுத்த அந்த இரண்டு நொடியில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. பெரியவர் இளசுகளின் இடத்தை அடைத்தார் என்பதற்கு இது நல்ல உதாரணமாகத் தெரியவில்லை.

மேனேஜர் உண்மையிலேயே சறுக்குவது பாசத்தில். பிடித்த ஆளுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் கொடுப்பது அவமரியாதை என்று இவருக்கு ஓர் எண்ணம். "மூணு வருஷம் கொடுங்கப்பா, அதுதான் மரியாதை!" 2020-ல் தளர்த்தப்படும்வரை லீகின் விதி இங்கேதான் குறுக்கே வந்தது. 35 வயதைத் தாண்டியவரோடு பல வருஷ ஒப்பந்தம் போட்டால், அவர் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போனாலும் அந்தத் தொகை அணியின் கணக்கிலேயே உட்கார்ந்திருந்தது. டெட்ராய்டில் பாவெல் டாட்சுக் விஷயம் அப்படித்தான் ஆனது. 2016-ல் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே அவர் ரஷ்யா திரும்ப முடிவெடுத்தார். கணக்கில் 75 லட்சம் டாலர் நின்றது. அதை அரிசோனா தலையில் கட்டுவதற்காக, புது ஆட்டக்காரர் தேர்வில் தன் 16-ஆவது இடத்தைக் கொடுத்து 20-ஆவது இடத்துக்கு இறங்கியது டெட்ராய்டு. அரிசோனாவுக்காக ஒரு நாளும் ஸ்கேட் கட்டாத மனிதர் அங்கே ஏட்டில் ஆட்டக்காரர். வயதானவரை வாடகைக்கு எடுக்க வேண்டும், கிரயம் பண்ணக் கூடாது. 2008-ல் ஸ்வீடனின் மாட்ஸ் சுண்டினுக்கு வான்கூவர் இரண்டு வருஷத்துக்கு இரண்டு கோடி டாலர் சொன்னது. அவர் யோசித்தார், யோசித்தார், டிசம்பரில்தான் வந்தார், அதுவும் அந்தப் பருவத்துக்கு மட்டும். 41 ஆட்டம், 28 புள்ளி, முடிந்தது. அவருடைய தயக்கம் அணிக்குப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்ததை மேனேஜர் இன்றைக்கும் ஒப்புக்கொள்வதில்லை.

பாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. யாகர் பழைய வீட்டுக்கே வருவார் என்று 2011-ல் பிட்ஸ்பர்க் காத்திருந்தது. அதே மாநிலத்துப் பகையாளியான ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதும், காலையில் நம்ம பிள்ளையாக இருந்தவர் சாயங்காலம் துரோகி. டிசம்பரில் அவர் பிட்ஸ்பர்க்கில் ஆட வந்தபோது அரங்கமே கூச்சலிட்டது. மனிதர் கோல் போட்டுவிட்டு, தன் பழைய சல்யூட்டையும் அடித்துக் காட்டினார்.

கோப்பைக்கு இவர்கள் உதவுவார்களா என்று கேட்டால், அங்கே என் வாதம் கொஞ்சம் நொண்டும். 2013-ல் யாகர் இருந்த பாஸ்டன் அணி இறுதிச்சுற்று வரை போனது. பிளேஆஃப் 22 ஆட்டத்திலும் யாகருக்கு ஒரு கோல்கூட இல்லை, பத்து அசிஸ்ட்தான். நாள் விட்டு நாள் உதை வாங்கும் மே, ஜூனில் இடுப்பும் களைத்துவிடும். ஆகவே நீண்ட லீக் பருவத்தைத் தாண்டுவதற்கு அவர் வேண்டும். கோப்பையை அவர் மட்டையில் தொங்கவிடக் கூடாது.

கால்கரியில் ஒரு நண்பர் கூட்டம் யாகர் ஆடிய ஒவ்வோர் அணியின் சட்டையையும் ஆளுக்கொன்றாக மாட்டி, பின்கழுத்தில் தொங்கும் அவருடைய பழைய முடியைப் போல விக்கும் வைத்து, அரங்கம் அரங்கமாகச் சுற்றியது. 2017 அக்டோபரில் அவர்கள் ஊருக்கே அவர் வந்து சேர்ந்தார். வயது 45, ஒரு வருஷம், பத்து லட்சம் டாலரும் ஊக்கத்தொகையும். காயங்களுக்கு நடுவே 22 ஆட்டம், ஒரே ஒரு கோல். ஜனவரியில் சொந்த ஊரான கிளாட்னோவில் தன்னுடைய அணிக்கே ஆடப் போய்விட்டார். கால்கரி கணக்கில் பெரிதாக எதுவும் குறையவில்லை. மேனேஜர் யாகரின் 68-ஆம் எண் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தார். ஜூலைக்கு இன்னும் ஐந்து மாதம்தான். செலானேயின் ஊரில் 38 வயதில் ஒருவர் இருக்கிறாராம்.