வாரம் எங்கே அறுபடுகிறது? துணிக்கடை சேல்ஸ் ரிப்போர்ட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

வாரத்துக்கு ஏழு நாள் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவ்வேழில் எது முதல் என்பதில்தான் துணிக்கடைக் கிளை மேனேஜர்களும் ஹெட் ஆபீஸ் எம்.ஐ.எஸ். பிரிவினரும் இரு கட்சியாக நிற்கின்றனர். திங்கள் காலை ரிவ்யூ மீட்டிங்கில் இவர்தம் வாதங்கள் சத்தமாகவே கேட்கக் கிடைப்பினும், முறையான ஆய்வு இதுகாறும் இன்மையின் இக்கட்டுரை எழுந்தது.

ஞாயிற்றுக் கட்சியார்க்கு மூலநூல் எக்செல். வார எண் தரும் வீக்நம் சூத்திரத்தை எழுதி வேறேதும் சொல்லாமல் விட்டால் அது ஞாயிறே முதல் எனக் கொள்ளும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரும் இவர்கள் பக்கமே. திங்கட் கட்சியார் காட்டும் நூல் 1988-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601. அதன்படி வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எதில் விழுகிறதோ அதுவே முதல் வாரம். எக்செலிலும் 2013 பதிப்பு முதல் ஐஎஸ்ஓவீக்நம் உண்டே என்பர் இவர்கள்.

அற்றேல், ஒரே மென்பொருள் இரு கட்சிக்கும் சாட்சி சொல்லுமோ எனின், சொல்லும். அந்தச் சாட்சியே சந்தேகத்துக்குரியது. எக்செலின் நாட்கணக்கு தொடங்கும் 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கட்கிழமை. எக்செலைக் கேட்டால் ஞாயிறு என்கிறது. லோட்டஸ் 1-2-3 என்னும் முன்னோர் 1900-ஐ லீப் ஆண்டெனப் பிழையாகக் கொண்டார். எக்செல் அப்பிழையை மரபு கெடாமல் காத்து வருகிறது.

ரிப்போர்ட் போடும் மற்றொரு மென்பொருளான பவர் பிஐ இச்சண்டையில் நெடுங்காலம் நழுவியே நின்றது. மாதம், காலாண்டு, ஆண்டு மூன்றுக்கும் இன்றுவரையிலான கூட்டுத்தொகை காணத் தனித்தனிச் சூத்திரம் செய்தவர்கள் வாரத்தை விட்டுவிட்டனர். என்னை? மாதம் ஆண்டுக்குள் அடங்கும், வாரம் அடங்காது. 52 வாரம் என்பது 364 நாள். மிஞ்சும் ஒரு நாள், லீப் ஆண்டாயின் இரு நாள், யாருக்கும் சொந்தமின்றி அலைகிறது. ஆகவே ரிப்போர்ட் போடுபவர் டேட் டேபிளில் வார எண்ணைத் தாமே சேர்த்துக்கொள்வார். ஞாயிறா திங்களா என்பது அவரவர் மனச்சாட்சி.

இனிக் கள ஆய்வு. 2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழன். ஐஎஸ்ஓ கணக்கில் 44-ஆம் வாரம். 2025-இல் அக்டோபர் 20, திங்கள். 43-ஆம் வாரத்தின் முதல் நாள். 44-ஐ 44-ஓடு ஒப்பிட்டவர் கண்டது பண்டிகை முடிந்து, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கும் வாரத்தை. அம்புக்குறி சிவப்பில், கீழ்நோக்கி. சரி, 43-ஐ எடுப்போம் எனின், அங்கே பண்டிகை உண்டு, வியாபாரம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, டிரயல் ரூம் வாசலில் வரிசை நிற்கும் நாள், திங்கட் கட்சியார் கணக்கில் 42-க்குப் போய்விட்டது. மற்றவர் கணக்கில் அதே ஞாயிறு 43. அதே பில், அதே ரூபாய்.

இவ்வாண்டு தீபாவளிக்கு முந்தைய ஏழு நாளைச் சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஏழு நாளோடு ஒப்பிட்டால் தீர்ந்தது என்பர் முதலாளிகள். விரல் விட்டு எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்றை எம்.ஐ.எஸ். பிரிவினர் ஆய்வென ஏற்பதில்லை.

கட்சிகள் எவ்வாறு அமைகின்றன என்பதும் துணியப்பட்டது. நேற்றைய ஞாயிறு நன்றாக ஓடிய கிளைக்காரர் திங்கட் கட்சி. அப்போதுதான் அந்த ஞாயிறு இன்றைய ரிப்போர்ட்டுக்குள் வரும். மழையில் ஞாயிறு போன கிளைக்காரர், "சார், நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமதான வாரமே ஆரம்பிக்குது" என்று மரபை நாடுவார். ஒரே மாதத்தில் இருமுறை கட்சி மாறியோரும் உளர்.

பின்வருவோர் ஆய்வுக்கு ஒன்று எஞ்சியுள்ளது. ஐஎஸ்ஓ கணக்கில் 2026-க்கு 53 வாரம். கடைசி வாரம் டிசம்பர் 28-இல் தொடங்கி 2027 ஜனவரி 3 வரை ஓடுவதால், புத்தாண்டுத் தள்ளுபடி விற்பனையின் முதல் மூன்று நாள் பழைய ஆண்டுக்கே போகும். 2025-க்கோ 53-ஆம் வாரமே இல்லை. ஒப்பிட ஏதுமின்றி வளர்ச்சிக் கட்டம் வெறுமையாக நிற்கும். கிளை மேனேஜர் அதை நூறு சதவீதம் என்று வாசிப்பார்.