அழுகியது யார் கணக்கில்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியைக் கிலோவில் பேசமாட்டார்கள், பெட்டியில்தான் பேசுவார்கள். ஒரு பெட்டி 14 கிலோ. "பெட்டி என்ன போகுது?" என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன். திண்டுக்கல் மாவட்டத்தின் இந்த மார்க்கெட்டுக்கு வரும் காயில் பெரும்பகுதி கேரளாவுக்கு லாரி ஏறிவிடும். மிச்சம் உள்ளூருக்கு. அந்த மிச்சத்தில் கொஞ்சம் எடுத்துப்போய், பஸ் ஸ்டாண்டு ஓரம் சாக்கு விரித்து விற்றவர் என் அத்தை. படித்து முடித்த பிறகு நான் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் காய்கறிக் கொள்முதல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். சாக்குக் கடை, குளிரூட்டிய கிடங்கு இரண்டுக்குள்ளும் இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வந்ததும் அத்தை பெட்டியைக் கவிழ்க்கமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிப்பார். காம்பை ஒட்டிய மேட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துவார். அமுங்கினால் அது இன்றைக்கே போகவேண்டிய பழம். நிறம் ஏறியும் கெட்டியாக இருந்தால் நாளைக்கு. செங்காய் அதற்கும் மறுநாளைக்கு. பழம் முன்வரிசையில் இருக்கும். செங்காய் பின்னால் நிழலில், வைக்கோல் மேல். ஒன்றின் காம்பு இன்னொன்றைக் குத்தாதபடி வைப்பார், ஏனென்றால் குத்துப்பட்ட ஓட்டை வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் ஈரச் சாக்கு. வெங்காயம் ஈரம் எட்டாத மூலையில். வாழைப்பழச் சீப்பைத் தக்காளிக்குப் பக்கத்தில் வைக்க யாரையும் விடமாட்டார். "அது கெடக்கட்டும் அந்தப் பக்கம், கண்ணு. இதையும் சேத்துப் பழுக்க வச்சிரும்" என்பார். பழுக்கும் வாழை எத்திலீன் வாயுவை விடுகிறது என்பதை நான் படித்தது கல்லூரியில்.

விலையும் நாள் முழுக்க ஒன்றாக இருக்காது. காலையில் பொறுக்கி எடுப்பவர்களுக்கு ஒரு விலை, வெயில் ஏறியதும் ஒரு விலை, பொழுது சாய்ந்ததும் கூறு கட்டிவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து மெஸ்காரர் வந்து நசுங்கினதை மொத்தமாக அள்ளிக்கொள்வார், ரசத்துக்கும் சட்னிக்கும். முட்டைக்கோஸின் மேல் இலை ஆட்டுக்குப் போகும். கொத்தவரை தங்கிவிட்டால் உப்புப் போட்டு அவித்து, மாடியில் காயப்போட்டு வற்றல் ஆக்குவார். சுண்டைக்காய் மோருக்குள் போகும்.

ஆனால் அத்தையின் திறமை விற்பதில் இருந்ததைவிட வாங்குவதில் இருந்தது. கமிஷன் கடையில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

"மூணு பெட்டியா எடுத்துக்கக்கா, விலையைக் கொறச்சுத் தர்றேன்."

"ரெண்டு போதும் தம்பி. விலை கொறஞ்சா ஊர்ல ஆளு கூடிருமா?"

அதே அத்தை, அமாவாசைக்கு முதல் நாள் பூசணியும் வாழைக்காயும் கூட்டி வாங்குவார். புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகையிலும் எல்லாக் காயும் கூடும். பெரிய முகூர்த்தம் வந்தால் ஊரே கல்யாண வீட்டில் சாப்பிடும், அன்றைக்குக் குறைத்துவிடுவார். மழை வரும்போல் இருந்தால் கீரையே கிடையாது.

இந்தக் கணக்குக்கு மேலாண்மைப் படிப்பில் பெரிய இடம் உண்டு. காலையில் எத்தனை செய்தித்தாள் வாங்கினால் மாலையில் நஷ்டமில்லாமல் வீடு திரும்பலாம் என்று கேட்பதால் அதைச் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்கிறார்கள். 1888-இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர், வங்கி கையில் எவ்வளவு ரொக்கம் வைத்துக்கொள்ளவேண்டும் என்று யோசித்ததில் இதன் வேர் இருக்கிறது. தக்காளிக்குப் போட்டுப் பாருங்கள். 20 ரூபாய்க்கு வாங்கி 30 ரூபாய்க்கு விற்கிறீர்கள். விற்றால் லாபம் 10. தங்கி அழுகினால் நஷ்டம் 20. லாபமான பத்தை, லாபமும் நஷ்டமும் சேர்ந்த முப்பதால் வகுத்தால் மூன்றில் ஒன்று. அதாவது, மூன்று நாளில் இரண்டு நாள் சரக்கு முழுவதும் தீர்ந்து, வருகிறவர்களுக்கு "இல்லை" என்று சொல்லும் அளவுக்குத்தான் வாங்கவேண்டும். அத்தையின் கடையில் அன்றைக்குப் போகவேண்டியது பெரும்பாலான நாள் விளக்கு வைக்கும் நேரத்தோடு தீர்ந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர்கள் அதைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்ல" என்பார்கள். அத்தை செய்ததுதான் சரியான விடை.

இந்தச் சூத்திரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அழுகும் 20 ரூபாய் நம் பையிலிருந்து போகாது, வேறொருவர் பையிலிருந்து போகும் என்றால், நஷ்டம் பூஜ்யம் ஆகிவிடும். பத்தைப் பத்தால் வகுத்தால் ஒன்று. அப்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஆர்டர் போடலாம், தட்டு எப்போதும் நிறைந்திருக்கவேண்டும் என்றுதான் கணக்கு சொல்லும். நான் வேலை பார்த்த இடத்தில் நடந்தது இதுதான்.

அதற்கு முன், பழைய காலத்துக்குச் சேரவேண்டிய குறையையும் சொல்லிவிட வேண்டும். மூங்கில் கூடையிலும் பலகைப் பெட்டியிலும் வந்த தக்காளியில் அடிவரிசை கூழாகிவிடும்; லாரிக்கு அடியில் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் கிரேட் வந்து அந்தச் சேதத்தைக் குறைத்தது பெரிய நன்மை. கமிஷன் போக, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி போக, விவசாயி கைக்கு என்ன வரும் என்பது சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். அத்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கடை இல்லை, வருமானமும் இல்லை. அந்த நாளுக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

என் வேலை ஒரு கொள்முதல் மையத்தில். மாலையில் கடைகளின் தேவையைக் கூட்டி, கணினி நாளைய ஆர்டரைச் சொல்லும். நாங்கள் விவசாயிகளுக்குப் போன் செய்வோம். அவர்கள் விடிவதற்கு முன் ஆள் விட்டுப் பறித்துக் கொண்டுவருவார்கள். வாசலில் தரம் பார்ப்போம்: வளைந்த கத்தரி, சின்னத் தக்காளி, தோலில் வடு உள்ள வெண்டை எல்லாம் ஒதுக்கப்படும். ஒதுக்கியது வந்த வண்டியிலேயே திரும்ப ஏறும். அது மார்க்கெட் போய்ச் சேரும்போது காலை ஏலம் முடிந்திருக்கும்; கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். இதைவிடக் கொடுமை, இரவில் ஆர்டர் குறைவது. ஏதோ ஒரு கடையில் நேற்றைய சரக்கு தங்கிவிட்டது என்று நடு ராத்திரியில் எண் மாறும். அதற்குள் பறிப்பு ஆட்கள் தோட்டத்தில் இறங்கியிருப்பார்கள். ஒரு பெரியவர் பறித்த பெட்டிகளோடு வாசலில் நின்று, "கூலி குடுத்துட்டேனே சார், திரும்பச் செடியிலயா ஒட்ட வைக்க முடியும்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல அந்த நிறுவனத்தின் எந்த விதியிலும் பதில் இல்லை. மாதக் கூட்டத்தில் கழிவு விகிதம் குறைந்துவிட்டது என்று கைதட்டினார்கள். கழிவு குறையவில்லை, வாசலுக்கு வெளியே போயிருந்தது. அங்கே அதை எண்ணுவதற்கு ஆள் கிடையாது.

கருவிகளை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மென்பொருள் ஆரம்பத்தில் போன வருடத்தின் இதே தேதியைப் பார்த்து வாழைக்காய் அளவைச் சொன்னது. அமாவாசையோ தேதி மாறி வரும். பஞ்சாங்க நாட்களைச் சேர்த்த பிறகு அது பல கடைகளுக்கு ஒரே நேரத்தில், எந்த மனிதரையும்விட நன்றாகக் கணித்தது. குளிர் அறையிலும் அப்படித்தான். எல்லாக் காயையும் ஒரே குளிரில் அடைத்தால் முட்டைக்கோஸ் பிழைக்கும், வெண்டையும் கத்தரியும் தோல் கறுக்கும். தக்காளிக்கு அந்தக் குளிர் ஆகவே ஆகாது. 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் அதன் வாசனையைத் தரும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்த பிறகும் முழு வாசனை திரும்புவதில்லை என்று 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிழல், வைக்கோல், காற்றோட்டம் என்று அத்தை தக்காளியை வைத்திருந்த விதம் அதற்கு ஏற்றதுதான்.

நாடு முழுக்கவும் பணம் தவறான இடத்தில் இறங்கியிருக்கிறது. தேசியக் குளிர்ப்பதன மேம்பாட்டு மையத்துக்காக 2015-இல் நடந்த ஆய்வு இதை எண்ணிக்கையோடு சொன்னது. குளிர்பதனக் கிடங்குகள் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு அப்போதே இருந்தன. அவற்றிலும் பெரும்பகுதி உருளைக்கிழங்குக்கானவை. தோட்டத்துப் பக்கத்திலேயே காயைக் கழுவி, பிரித்து, சூடு தணித்து அனுப்பும் சிப்பமிடும் கூடங்கள் 70,080 தேவை, இருந்தவை 249. குளிர் லாரிகள் 61,826 தேவை. இருந்தவை பத்தாயிரத்துக்கும் குறைவு. பறித்த முதல் சில மணி நேரத்தில்தான் காயின் ஆயுள் தீர்மானமாகிறது. அந்த நேரத்துக்கு நாம் கிட்டத்தட்ட எதையும் கட்டியிருக்கவில்லை. அதே 2015-இல் லூதியானாவின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம், தக்காளியில் அறுவடைக்குப் பிறகு 12.44 சதவீதம் வீணாகிறது என்று கணக்கிட்டது. எட்டுப் பெட்டிக்கு ஒரு பெட்டி. அந்த ஒரு பெட்டிக்கும் தண்ணீர் இறைத்திருக்கிறோம், உரம் போட்டிருக்கிறோம், டீசல் எரித்திருக்கிறோம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் விலையில்லாமல் தக்காளியைக் கொட்டினார்கள். ஜூலையில் எல்லாரும் பேசினோம்; செப்டம்பரில் பேசியவர்கள் குறைவு. வாங்குகிறவருக்கு வலித்தால் மட்டும் அது செய்தியாகிறது.

தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையில், விளைவித்தவரே தட்டுக்கு முன்னால் உட்காருகிறார். எவ்வளவு பறிக்கலாம் என்று முடிவெடுப்பவரும் தங்கினால் நஷ்டப்படுபவரும் ஒரே ஆள். அதனால் அவர் அளவாகவே பறித்து வருகிறார். என் அத்தைக்கும் அப்படித்தான்.

பெரிய கடைகளிலும் இதைக் கொண்டுவர முடியும், சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அழுகும் விளைபொருளுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். 30 நாளுக்குக் குறைந்த அவகாசத்தில் ஆர்டரை ரத்து செய்யக்கூடாது. வாங்கியவர் இடத்தில் கெட்டுப்போனதை, விற்றவர் பேரில் தவறு இல்லாதபோது, அவர் தலையில் கட்டக்கூடாது. அதே 2019-இல் தமிழகமும் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் என்ற பெயரும் வாங்கியது. ஆனால் போனில் ஆர்டர் கொடுத்து மறுநாள் காலையில் வாங்கும் இந்த அன்றாட வியாபாரத்தில் எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது. நடு ராத்திரியில் மாறும் எண்ணுக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை.

அரசிடம் நான் கேட்பது ஒரே விதி: ஆர்டர் கொடுத்து, காய் பறித்தபின் அளவைக் குறைத்தால், குறைத்த பெட்டிக்கும் பேசிய விலையை வாங்குபவரே கொடுக்கவேண்டும். அந்த விதி வந்த மறுநாளே எல்லா மென்பொருளும் சரியான அளவைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். கடையில் காய் வாங்கும் உங்களிடமும் கேட்கிறேன்: மாலையில் தட்டு காலியாக இருந்தால் கோபப்படாதீர்கள், வளைந்த கத்தரிக்காய் இருந்தால் எடுத்துக் கூடையில் போடுங்கள்.