ஏற்ற ஆள் உண்டு, இறக்க ஆள் இல்லை

"கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடலாம்னு இருக்கேன்" என்று நாலு பேர் நடுவில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதில் ஒருவர் கட்டாயம் நிமிர்ந்து உட்காருவார். மாடல் என்ன, ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா என்று விசாரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பீர்களா என்று கேட்பார். காசு வேண்டாம், காபி போதும். அதையும் வற்புறுத்தினால்தான் குடிப்பார்.

அதே மனிதரிடம் சில மாதம் கழித்து, "லினக்ஸை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு கல்யாணம் வந்துவிடும்.

என் மடிக்கணினி 2012 வாக்கில் வாங்கியது. விண்டோஸ் 7-இல் பிறந்து, 2015-இல் இலவசமாகக் கிடைத்த விண்டோஸ் 10-க்கு ஏறி, அதோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டுமாம். என் கணினி பிறந்த காலத்தில் அந்தச் சில்லே பிறக்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்த்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு இந்த மாதிரி அறிவிப்புகள் நெஞ்சில் கொஞ்சம் பலமாகவே தைக்கும்.

விஷயத்தைத் தெருவில் சொன்னேன். அந்த வார ஞாயிறே மூன்று கல்லூரிப் பையன்கள் பென் டிரைவோடு வந்து இறங்கினார்கள். ஒருவன் கணினிக்கு முன் அமர்ந்தான், இருவர் ஆலோசனை சொன்னார்கள். மூவருக்கும் ஒத்துப்போனது ஒன்றுதான்: லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. விண்டோஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், மின்ட் ஒரு பக்கம் இருக்கட்டும், திறக்கும்போது எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் ஐயா என்றார்கள்.

பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்ப ஒரு விசையைத் தட்ட வேண்டும். எந்த விசை? உலகத்தில் இதற்கு ஒரு பொதுவிதி கிடையாது. டெல் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஸ்கேப், இல்லாவிட்டால் எஃப்9. சில லெனோவாக்களில் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அதில் குண்டூசியை விட்டுக் குத்த வேண்டும். இவை போதாதென்று எஃப்2, டெலீட் என்று வேறு கட்சிகளும் இருக்கின்றன. தட்டுவதற்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டொரு நொடி. அதற்குள் தட்டாவிட்டால் விண்டோஸ் சாவதானமாக எழுந்து வந்து வணக்கம் சொல்லும். அதை அணைத்து, மறுபடி ஏற்றி, மறுபடி தட்ட வேண்டும். பையன் எஃப்12-ஐத் தட்டினான். அடுத்தவன் எட்டிக் கையை நீட்டி எஃப்2-ஐத் தட்டினான். மூன்றாமவன், "விட்டு விட்டுத் தட்டுடா, ஒரேயடியா அமுக்காதே" என்று தாளக்கட்டு சொல்லிக் கொடுத்தான். என் பேத்தி வந்து பார்த்துவிட்டு, இது என்ன விளையாட்டு, நானும் சேரலாமா என்று கேட்டாள்.

கடைசியில் மின்ட் ஏறியது. பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இந்த உற்சாகம் நேற்று முளைத்ததல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் ஐஐடி வளாகத்தில் மாதம்தோறும் கூடிப் பேசிய வரலாறு உண்டு. கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே சொல்லித் தருகிறது. மார்க் ஷட்டில்வொர்த் என்ற தென்னாப்பிரிக்கக்காரர் 2004-இல் உபுண்டுவைத் தொடங்கியபின், கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். தபால் செலவும் அவர்களுடையதே. 2011 வரை அது நடந்தது. நம் அரசு அதே 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் இருந்தது. இத்தனை பேர் இத்தனை வகையில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இறக்குவதற்கு ஒரு சிடி யாராவது அனுப்பினார்களா? தேரைத் தெருவில் இழுத்துவிட ஊரே வரும். நிலையில் கொண்டுபோய் நிறுத்தத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

மின்ட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேகமாக எழுந்தது, வைரஸ் பயம் காட்டவில்லை. பழைய தட்டச்சுப் பலகை முறையில் தமிழ் அடிக்கவும் வழி இருந்தது. சங்கடம் வேறு. நான் மெய்ப்புத் திருத்தும் சிற்றிதழ் இன்னும் பேஜ்மேக்கரில்தான் வருகிறது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது என்பதை எங்கள் ஆசிரியரிடம் யார் போய்ச் சொல்வது? எழுத்துருவும் யூனிகோடுக்கு முந்தைய காலத்தது. லினக்ஸில் வைன் என்ற மென்பொருள் வழியாக இதை ஓட்டலாம் என்றார்கள் பையன்கள். ஓடியது. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடின. பாதி ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் அந்தக் குட்டி லேசர் பிரிண்டர்தான் என் வீட்டிலும் இருக்கிறது. அதுவும் மின்ட்டோடு பேச மறுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு என்று தெரிந்ததும், வட்டில் மின்ட் அடைத்துக்கொண்டிருந்த இடத்தை மீட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பையன்களிடம் சொன்னேன். முதலாமவன், "ஏன் ஐயா, என்ன குறை?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டான். இரண்டாமவன் வேறு வகை லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றான். மூன்றாமவன், கேள்வியைச் சரியாகக் கேட்டால்தான் பதில் கிடைக்கும் என்று சொல்லி ஒரு கட்டுரையை அனுப்பினான். எரிக் ரேமண்ட் என்பவர் 2001-இல் எழுதியதாம். கணினிக்காரர்களிடம் அறிவோடு கேள்வி கேட்பது எப்படி என்று நீட்டி முழக்கி எழுதியிருக்கிறார். உதவி கேட்டு வருகிறவர்களையெல்லாம் இதைப் படித்துவிட்டு வா என்று ஊர் உலகம் அங்கே அனுப்பியதில், வந்தவர்கள் அவரிடமே உதவி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் கட்டுரையின் தலைமாட்டிலேயே ஒரு எச்சரிக்கை நிற்கிறது: நாங்கள் உங்களுக்கான உதவி மையம் அல்ல. உதவி கேட்பது எப்படி என்று சொல்லித் தரும் வீட்டு வாசலில் இப்படி ஒரு பலகை!

சரி, சொந்தம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அக்கா மகன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். எனிடெஸ்க் வழியாக அங்கிருந்தே என் விண்டோஸுக்குள் நுழைந்தான். அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஐந்தாவது நிமிடம், "வேண்டாத பார்ட்டிஷன் எல்லாம் அழிச்சிட்டேன் மாமா. இடம் வந்துடுச்சு பாருங்க. ஒரு ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிடுங்க" என்றான்.

பண்ணினேன். திரை கறுத்தது. "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்று போட்டு ஒரு குறி துடித்துக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். லினக்ஸ் ஏறும்போது க்ரப் என்ற ஏற்றி நிரலின் சிறு துண்டு வட்டின் தொடக்கத்தில் குடியேறும். எதைத் திறப்பது என்று கேட்கும் அந்த நிரலின் மிச்சம் முழுவதும் லினக்ஸின் பகுதியில் இருக்கும். பகுதியை அழித்தால் துண்டு மட்டும் தனியே நின்று முழிக்கும். விண்டோஸ் பத்திரமாக உள்ளேயே இருந்தாலும் அதைக் கூப்பிட ஆள் இல்லை.

ரெஸ்க்யூ என்றால் மீட்பு அல்லவா? நம்பிக்கையோடு 'ஹெல்ப்' என்று தட்டினேன். 'ஹெல்ப்' என்பது தெரியாத கட்டளை என்று பதில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மீட்பு நிலையில் அதற்குத் தெரிந்த கட்டளைகள் மூன்று நாலுதான். உதவி அதில் சேர்த்தியில்லை.

மருமகனைப் போனில் பிடித்தேன்.

"எனிடெஸ்க்கைத் திறங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"எதுக்குள்ள திறக்கறது மாப்ளே? விண்டோஸே எந்திரிக்கலையே."

"அப்போ கூகுள்ல தேடிப் பாருங்க."

"எதுல தேடறது?"

"சரி, இப்போ ஸ்க்ரீன்ல என்ன தெரியுது?"

"என் மூஞ்சி தெரியுது."

மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

கணினி பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறக்கும் முன்பே, "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்றார். உள்ளே இருபது வருட ஃபைல்கள் இருக்கின்றன என்றேன். "அதெல்லாம் போயிடும் சார்" என்றார், ஆறுதல் சொல்லும் குரலில். இவருக்கு எந்த நோய் சொன்னாலும் மருந்து ஒன்றுதான். ஏற்றுகிறவருக்கு இறக்கத் தெரியவில்லை. இறக்குகிறவரோ கூடவே வீட்டையும் இறக்கிவிடுகிறார்.

கடைசியில் உதவி கிடைத்த இடம் தெப்பக்குளம் பக்கம் ஒரு டிடிபி சென்டர். எங்கள் இதழைப் பக்கம் அமைத்துத் தரும் அம்மாள்தான் அதை நடத்துகிறார். கம்ப்யூட்டர் படிப்பு ஒன்றும் படித்தவரல்ல. சென்டரில் இருக்கும் நாலு பழைய கணினிகளைச் சாக விடாமல் காப்பாற்றியே எல்லாம் கற்றுக்கொண்டவர். திரையைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு உயிர் வந்துவிட்டது.

"ஐயா, ஃபைல் எல்லாம் வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?"

இல்லை என்றேன். பையன்கள் விட்டுச் சென்ற பென் டிரைவைக் கேட்டு வாங்கினார். அதைச் செருகி, எந்த விசை என்று யாரையும் கேட்காமல் தட்டினார். மின்ட் வட்டில் ஏறாமல் பென் டிரைவிலிருந்தே எழுந்தது. அதற்கு விண்டோஸின் கோப்புகளைப் படிக்கத் தெரியும். எல்லாவற்றையும் வெளி வட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்தார். லினக்ஸை இறக்கும் வேலையில் கடைசிவரை கூட நின்ற ஒரே லினக்ஸ் ஆள் அந்தப் பென் டிரைவ்தான்.

பிறகு விண்டோஸ் 10 டிவிடியைப் போட்டு, நிறுவு என்பதை விட்டுவிட்டுப் பழுது நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தார். வந்த கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பூட்ரெக், இடைவெளி, ஸ்லாஷ், ஃபிக்ஸ்எம்பிஆர். வட்டின் தொடக்கத்தில் க்ரப் இருந்த இடத்தில் விண்டோஸின் சொந்த நிரல் மறுபடி வந்து உட்கார்ந்தது. டிவிடியை எடுத்துவிட்டு ஏற்றினார். விண்டோஸ் சாவதானமாக எழுந்து வந்து வணக்கம் சொன்னது. பணம் கொடுத்தேன். அடுத்த இதழின் மெய்ப்பைச் சீக்கிரம் கொடுங்கள், அது போதும் என்றார்.

லினக்ஸ் பையன்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காபி எங்கள் வீட்டில் என்றும் உண்டு. ஏற்றிக் கொடுக்கும் நாளிலேயே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி மூடிக்குள் ஒட்டிவிட்டுப் போங்கள்: எந்த விசையைத் தட்டுவது, எந்தப் பகுதி லினக்ஸுடையது, அதை எடுத்தால் விண்டோஸை எழுப்பும் அந்த ஒரு வரி என்ன. கட்சி மாறுகிறாரே என்ற வருத்தம் இருந்தால் தாளின் கீழே அதையும் எழுதிவையுங்கள், படித்துக்கொள்கிறோம்.