பொதிகையை டப்பாவில் அடைக்கப் போகும் பேராண்டிக்கு

ஏலேய் பேராண்டி, பொதிகை மலை மூலிகையை எல்லாம் காப்பாத்த ஒரு கம்பெனி தொடங்கப் போறியாமே! உங்க ஆச்சி சொன்னா. நல்ல காரியம்லா? மலையில சும்மா கெடக்கிற செடியைப் பிடுங்கி, காயவச்சு, பொடிச்சு, பச்சை டப்பாவுல அடைச்சு, மேல ஒரு தாடிக்கார முனிவர் படத்தையும் ஒட்டிட்டா, அப்புறம் எந்த ஆடு வந்து மேயப்போகுது? இதைவிடப் பத்திரம் உண்டுமா?

நான் ஒண்ணும் குறுக்க நிக்கல. யோசனைதான் சொல்லுதேன். காசெல்லாம் வேண்டாம், ஒரு கவுளி வெத்தலை வாங்கிப் போட்டாப் போதும்.

முதல் யோசனை, பங்கு விஷயம். 1987-ல மலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவுல நடந்த கதை இது. புஷ்பாங்கதன்னு ஒரு விஞ்ஞானி, கூட்டாளிகளோட செடி தேடி ஏறுனாரு. வழிகாட்ட அந்த மலையில வாழுற பழங்குடிகளான காணிக்காரங்க. ஏத்தம் ஏற ஏற, படிச்சவங்களுக்கு நாக்குத் தள்ளுது. காணிக்காரங்க மட்டும் என்னமோ சின்னக் காயை மென்னுக்கிட்டு, மூச்சு வாங்காமப் போறாவ. இவங்களும் வாங்கித் தின்னு பாத்தாவ, களைப்பு பறந்துபோச்சு. செடியைக் காட்டுங்கன்னா காட்டிருவாங்களா? இனத்துக்குள்ள காத்துவந்த ரகசியம்லா? ரொம்ப மன்றாடின பிறகுதான் காட்டுனாவ. அதுதான் ஆரோக்கியப்பச்சை. முழங்கால் உசரம்கூட வராது. மர நிழலும் தரை ஈரமும் இருக்கிற இடத்துல பம்மிக் கெடக்கும்.

கேரளத்துல பாலோடுங்கிற ஊர்ல இருக்கிற தாவரவியல் பூங்காக்காரங்க அதோட இலையை ஆராய்ஞ்சு, இன்னும் மூணு மூலிகையைச் சேத்து 'ஜீவனி'ன்னு மருந்து பண்ணுனாவ. ஒரு மருந்துக் கம்பெனி உரிமம் வாங்குச்சு. அது கட்டுன 10 லட்சத்துலயும், விக்கிறதுல வர்ற 2 சதவீத ராயல்டியிலயும் பாதி காணிக்காரங்களுக்குன்னு ஒப்பந்தம். 1997-ல அந்தப் பணத்துக்குன்னே ஓர் அறக்கட்டளை பதிவாச்சு. நாட்டுல பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-ல, பாத்துக்கோ.

உன் பிசினஸ் பிளானை நானும் கண்ணாடி போட்டுப் பாத்தேன். லோகோவுக்கு ஒரு பக்கம், விளம்பரத்துக்கு மூணு பக்கம். செடியைக் காட்டுதவனுக்கு ஒரு வரி கூடக் காணோம். அச்சுப்பிழையா இருக்கும், சேத்துரு.

ரெண்டாவது யோசனை, சரக்கு விஷயம். காணிக்காரன் தின்னது போற வழியில நாலு காய். செடி அங்கனயே நிக்கும். கம்பெனிக்கோ இலை வேணும், அதுவும் மூட்டை மூட்டையா. சரி, தோட்டம் போட்டு வளப்போம்னாங்க. காட்டுக்கு வெளிய வளந்த செடிக்கு அந்த வீரியம் இல்லை. காட்டுக்குள்ளயே பயிர் பண்ணலாம்னா, இதைச் சாக்கா வச்சுக் காட்டுச் செடியைக் களவாங்கிருவாங்கன்னு வனத்துறை யோசிச்சுது. யோசிச்சது தப்புமில்ல. விலை உண்டுன்னு தெரிஞ்சதும் வெளியாட்கள் வந்து வேரோட பிடுங்கிட்டுத்தான் போனாவ. அதனால பேராண்டி, செடியோட சேத்து அந்த நிழலு, ஈரம், இலைமக்கு எல்லாத்தையும் டப்பாவுல அடைக்க வழி உண்டான்னு உங்க இன்ஜினியர்மாரைக் கேட்டுச் சொல்லு.

மலைக்காரன் காட்டுக் கிழங்கு தோண்டுததைப் பாத்திருக்கியா? கிழங்கை எடுத்துட்டு, கொடியோட தலைப்பைத் திரும்பக் குழியில வச்சு மண்ணைத் தள்ளிட்டு வருவான். நம்ம பழைய வைத்தியமாரு மூலிகைக்குக் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி சொல்லி, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் பறிப்பாவ. நீ மூடநம்பிக்கைன்னு சிரிப்பே. சிரி. ஆனா ஒவ்வொரு செடிக்கும் நூல் கட்டி, கும்பிட்டு, மந்திரம் சொல்லி எடுக்கிறவனால ஒரு நாள்ல எத்தனை செடி எடுக்க முடியும்? லாரிக்கு லோடு ஏத்த அது கட்டுப்படியாகாதுல்லா?

மூணாவது, அறிவு விஷயம். செல்போனைக் காட்டுனா செடி பேரைச் சொல்லுதாமே! வேலிப்பக்கம் போயி ஒரு கீழாநெல்லி கொண்டான்னேன், நீ கொண்டாந்ததுல இலைக்கு அடியில ஒரு காயைக் காணோம். மூலிகைன்னா பக்கவிளைவே கிடையாதுன்னு டப்பாவுல வேற போடப்போறியாம். கண்வலிக்கிழங்கும் மூலிகைதாம்லே. பூ நம்ம மாநிலப் பூ, அவ்வளவு அழகு. கிழங்கைக் கணக்குத் தெரியாமத் தின்னவன் பக்கவிளைவு சொல்லத் திரும்பி வரமாட்டான். எவ்வளவு, எப்படி, யாருக்குக் கூடாதுங்கிறது இலையில எழுதியிருக்காது, அதைப் புழங்குன ஆளுகிட்ட இருக்கும்.

அந்த ஆளை விட்டுட்டா என்ன ஆகும்? 1995-ல அமெரிக்காவுல புண்ணுக்கு மஞ்சள் போடுததுக்கே காப்புரிமை கொடுத்தாவ. உங்க ஆச்சி உன் முழங்கால்ல அப்புன அதே மஞ்சள்! நம்ம அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூலை எல்லாம் சாட்சிக்குக் கொண்டுபோய் வாதாடி, 1997-ல அதை ரத்து பண்ண வச்சுது. மஞ்சளுக்கு எழுத்துல சாட்சி இருந்துது. வாய்வழியா மட்டும் வந்த காணிக்காரன் அறிவுக்கு யாரு சாட்சி? நீ சொல்லுவியா?

கடைசி யோசனை. வனத்துறையில முறையா அனுமதி வாங்கிட்டு, ஒரு காணிக்காரருக்கு நாள்கூலி கொடுத்து, அவரு பின்னால ஒரு பகல் முழுக்க நட. அவரு காட்டுததைப் பாரு, சொல்லுததைக் கேளு, ஒரு இலையும் கிள்ளாம வெறுங்கையோட இறங்கி வா. வர முடிஞ்சா, முதல் டப்பாவை நானே காசு கொடுத்து வாங்குதேன். கை அரிச்சுதுன்னா, மூலிகைத் தொழில் உனக்கு ஒத்துவராது. பேசாம ரியல் எஸ்டேட்டுக்குப் போயிரு. அங்க யாரும் காட்டைக் காப்பாத்துதோம்னு போர்டு வைக்கணும்னு கட்டாயம் இல்லை.