நிலம் மயங்கும் பொட்டலங்கள்: பொய்யிடவியலுக்கு ஓர் அறிமுகம்

பொருள்வயின் பிரிவைப் பற்றி நம் இலக்கணிகள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். தலைவன் பொருள் தேடிப் போவான், தலைவி காத்திருப்பாள், கார்காலம் வந்துவிடும், ஆள் வரமாட்டான். தலைவி வீட்டிலேயே உட்கார்ந்து பணத்தையும் கட்டிவிட்டு, பொருள் எப்போது வரும் என்று வாசலைப் பார்க்கும் துறையை இளம்பூரணரும் தொடவில்லை, நச்சினார்க்கினியரும் தொடவில்லை. அதிலும் அந்தப் பொருள், ‘இங்கே லெஸ்டரில்தான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே சீனத்துச் சென்செனில் படுத்திருக்கும் நிலைமைக்கு எந்த நூலிலும் சூத்திரம் கிடையாது. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். துறைக்குப் ‘பொய்யிடவியல்’ என்று பெயரிட்டிருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு ஆட்சேபிக்கும்வரை இப்பெயரே செல்லும்.

ஆய்வு எல்லை பிரிட்டன், வேண்டியபோது அமெரிக்கா. முதன்மைச் சான்று, லண்டனை அடுத்த ஹாரோவில் இருக்கும் என் தங்கை தையல் மெஷினுக்காக இணையச் சந்தை ஒன்றில் வாங்கிய பாபின் டப்பா. ‘பொருள் இருக்குமிடம்: லெஸ்டர். 3 முதல் 5 நாளில் கைக்கு வரும்’ என்று விளம்பரம் சொன்னது. டப்பா வந்து சேர்வதற்குள் அவள் தைக்க எடுத்த சட்டை பிள்ளைக்குச் சின்னதாகிவிட்டது. “அண்ணா, அந்தப் பையைக் குப்பையில் போடட்டுமா, வேண்டாமா?” என்று அவள் கேட்டபோது, வேண்டாம், அது தரவு என்று தடுத்தாட்கொண்டேன்.

முதலில் கோட்பாடு. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலம் மட்டும் மயங்காது என்பது தொல்காப்பியர் தீர்ப்பு. கடல்கடந்த வணிகர் சிலர் கைவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். விற்பவர் நிலத்தைத் திரிப்பது பொழுதை விற்பதற்காக என்பது என் கருதுகோள். பழைய பொய்களோடு ஒப்பிட்டால் இது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகள் ஷெஃபீல்டு முத்திரையோடு இங்கிலாந்துக் கடைகளில் விற்றன. ஷெஃபீல்டுக் கொல்லர்கள் கூச்சல் போட்டார்கள். 1887-இல் சரக்குக் குறிகள் சட்டம் வந்தது: அயல்நாட்டுச் சரக்கு உள்ளூர்ச் சரக்கின் வேடத்தில் வந்தால், எந்த நாட்டில் செய்தது என்று பொறித்தாக வேண்டும். அவமானப்படுத்தப் பொறிக்கச் சொன்ன ‘மேட் இன் ஜெர்மனி’ சில ஆண்டுகளிலேயே தரச்சான்றாகி, சட்டம் போட்டவர்களுக்கு அசடு வழிந்தது. ஜப்பானைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று அச்சடிக்கத் தோதாக ஓர் ஊருக்கே உசா என்று பெயர் மாற்றினார்களாம். அந்த ஊரின் உசா கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அமெரிக்காவுக்கு ஆயிரம் வருஷம் மூத்தது. ஆகவே அச்சான்று தள்ளுபடி செய்யப்படுகிறது.

அந்தப் பொய்களெல்லாம் பிறந்த ஊரைப் பற்றியவை. பாபின் டப்பா சீனாவில் பிறந்தது என்பதை இன்று விற்பவரும் மறைப்பதில்லை, வாங்குபவருக்கும் வருத்தமில்லை. அது இந்த நிமிஷம் எந்த ஊர் அலமாரியில் இருக்கிறது என்பதில்தான் புளுகு. அலமாரி லெஸ்டரில் இருந்தால் வியாழக்கிழமை தைக்கலாம். தேடும் பக்கத்தில் ‘பிரிட்டனில் உள்ளவை மட்டும்’ என்றொரு சல்லடை இருக்கிறது. ‘சென்செனிலிருந்து வரும், மூன்று வாரமாகும்’ என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிற சீன வியாபாரி அதில் முதல் ஆளாகச் சலிக்கப்பட்டுக் கீழே விழுகிறார். பொய் சொன்ன அண்டைக் கடைக்காரர் மேலே நிற்கிறார். இதில் அதிகம் நட்டப்படுவது என் தங்கைகூட இல்லை, அந்த நேர்மையான சீனர்தான் என்பது ஆய்வாளரின் துணிபு. பிரிட்டனிலேயே கிடங்கு வாடகைக்கு எடுத்துச் சரக்கை முன்கூட்டி இறக்கி, இரண்டே நாளில் அனுப்புகிற சீன நிறுவனங்களும் நிறைய உண்டு. அவை இவ்வாய்வின் எல்லைக்குள் வரா.

நிலத்தைத் திரித்தவர் பொழுதைத் திரிக்க மறந்துவிடுவதால்தான் இத்துறையில் கண்டுபிடிப்பு சாத்தியமாகிறது. பெரும்பொழுதைப் பாருங்கள். லெஸ்டரில் கடை வைத்திருப்பவர் கிறிஸ்துமஸ் அன்று சுறுசுறுப்பாகப் பதில் போடுகிறார். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ சீனப் புத்தாண்டு வந்ததும் இரண்டு வாரம் ஆளே இல்லை. அக்டோபர் முதல் தேதியன்று, பிரிட்டனில் எந்த விடுமுறையும் இல்லாதபோது, மறுபடி மாயமாகிறார். சீனாவின் தேசிய நாள் வாரம் அது. சிறுபொழுதும் அப்படியே. குளிர்காலத்தில் லண்டனில் விடியற்காலை இரண்டு மணி என்றால் சீனாவில் காலை பத்து. என் தங்கை இரவு சமையலறையை ஒழித்துவிட்டு அனுப்பிய கேள்விக்கு அந்த இரண்டு மணிக்குத்தான் பதில் வந்திருந்தது: ‘அன்பு நண்பரே, தபால் தாமதம், தயவுசெய்து பொறுமையாகக் காத்திருக்கவும்.’ லெஸ்டர் வணிகர்கள் பெரும்பாலும் யாமத்தில் விழித்திருப்பார்கள் போலும்.

இனிக் கருப்பொருள். மற்றத் திணைகளில் பறவை, விலங்கு, பறை, யாழ் என்று பேசுவார்கள். இங்கே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை, கிழித்தால் கிழியாத ஒட்டுநாடா, நகத்தால் சுரண்டினால் கறுப்பாகிற வெப்பத்தாள் சீட்டு. அந்தச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ‘சிஎன் 22’ என்ற சுங்க அறிவிப்பு அது. உள்ளே இருப்பது ‘ஹேர் கிளிப்’ என்கிறது. மதிப்பு 2 டாலர். ‘பரிசு’ என்ற கட்டத்தில் டிக். முகந்தெரியாத ஒருவர் சென்செனிலிருந்து என் தங்கைக்கு அன்போடு அனுப்பிய ஹேர் கிளிப்பைத் திறந்தால், உள்ளே அவள் காசு கொடுத்து வாங்கிய இருபத்தைந்து பாபின்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வாங்குபவருக்குச் சொன்ன விளம்பரத்தில் விலை உண்மை, இடம் பொய். சுங்கத்துக்குச் சொன்ன சீட்டில் இடம் உண்மை, விலையும் பொருளும் பொய். இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்தால் முழு உண்மை கிடைத்துவிடும். ஆனால் அவை ஒரே மேசைக்கு வருவதில்லை. பட்டினப்பாலை பாடிய காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரை கடல்வழி வந்தது, முத்து தென்கடலிலிருந்து வந்தது என்று மூட்டைக்கு மூட்டை ஊர் தெரிந்திருந்தது; சுங்க அதிகாரி நின்று எண்ணிப் புலி முத்திரை வைத்தார். இன்றைய அதிகாரிக்குப் பை ஒன்றுக்கு எத்தனை வினாடி வாய்க்கும் என்று நினைக்கிறீர்கள்?

‘பரிசு’ டிக்கின் மகிமை இந்தியாவிலும் ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. இணையத்தில் வாங்கியதெல்லாம் பரிசாகவே வந்து குவிந்ததைப் பார்த்து, 2019 டிசம்பரில் மத்திய அரசு பரிசு என்ற பெயரில் தபாலிலும் கூரியரிலும் வரும் இறக்குமதியைத் தடுத்துவிட்டது. விலக்கு இரண்டுக்கு மட்டும்: உயிர்காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ராக்கியோடு வரும் பரிசுக்கு விலக்கு கிடையாது என்பதையும் மறக்காமல் எழுதி வைத்தார்கள். உரையாசிரியர் மரபு அழியவில்லை.

சீட்டின் அடியில் இருந்த பதிவு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. உலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி அதில் முதலில் இரண்டு எழுத்து, பின்பு எட்டு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டெழுத்துக் குறி. எட்டு இலக்கத்தை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் வரும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அந்தப் பொட்டலத்தில் கணக்கு நேரான ஒரே இடம் அதுதான். கடைசி இரண்டெழுத்து ‘சிஎன்’, அதாவது சீனா. அமெரிக்காவில் இதைக்கூட மறைக்க வழி கண்டிருக்கிறார்கள். உள்நாட்டுத் தபால் சீட்டை முன்கூட்டியே அச்சிட்டுவிடுவார்கள். ‘சீட்டு தயார், பொருளுக்காகக் காத்திருக்கிறோம்’ என்று தபால்துறை நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். பொருள் அப்போதுதான் பசிபிக்கைக் கடந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு தூரம் அனுப்பியும் எப்படிக் கட்டுபடியாகிறது என்று கேட்பீர்கள். பழி 1969-இல் டோக்கியோவில் கூடிய அஞ்சல் ஒன்றிய மாநாட்டுக்குப் போகிறது. வெளிநாட்டுத் தபாலை உள்ளூரில் பட்டுவாடா செய்வதற்கு அனுப்பும் நாடு பெறும் நாட்டுக்கு ஒரு தொகை தரவேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. பின்னாளில் வளரும் நாடுகளுக்குச் சலுகை விகிதம் வந்தது. சலுகை பெற்ற பட்டியலில் சீனா நெடுங்காலம் இருந்தது. அதனால் அமெரிக்காவில் பக்கத்து மாநிலத்துக்குச் சிறு பொட்டலம் அனுப்பும் செலவைவிடச் சென்செனிலிருந்து அனுப்பும் செலவு குறைவாக இருந்தது. 2018-இல் அமெரிக்கா ஒன்றியத்தைவிட்டே விலகுவதாக மிரட்டியது. 2019 செப்டம்பரில் ஜெனிவாவில் அவசர மாநாடு கூட்டிச் சமாதானம் செய்தார்கள். பிரிட்டனில் 15 பவுண்டுக்குட்பட்ட இறக்குமதிக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜனவரி முதல் போயிற்று. தபால் ஏறியது, வரி ஏறியது. புளுகு மட்டும் பழைய விலைக்கே கிடைக்கிறது.

உரிப்பொருளில் முல்லையின் இருத்தலும் நெய்தலின் இரங்கலும் மேலே சொன்னவற்றிலேயே அடங்கும். மருதத்து ஊடலுக்குத்தான் தனி விளக்கம் தேவை. தங்கை புகார் எழுதினாள். விற்பவர் ஊடல் தணிக்க முதலில் விலையில் பத்து சதவீதம் திருப்பித் தருவதாகச் சொன்னார், அடுத்து இருபது, அப்புறம் முப்பது. ‘முழுப் பணமும் வேண்டுமானால் டப்பாவை உங்கள் செலவில் சென்செனுக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்றார். லெஸ்டருக்கு அனுப்பக் கூடாதா என்று அவள் கேட்டதற்குப் பதில் இல்லை. பாணனும் விறலியும் வாயிலாக நின்ற இடத்தில் இப்போது சந்தையின் தகராறு மையம் நிற்கிறது. அந்த வாயில் தலைவன் பக்கமே சாயும் என்பது சங்ககாலம் முதல் தெரிந்த சேதி. ஆனாலும் இம்முறை முழுப் பணத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டது. ஈபே போன்ற சந்தைகளில் பொருள் இருக்குமிடத்தைத் திரிக்கக் கூடாது என்று எழுத்துபூர்வ விதியே உண்டு. கேட்பவர்களுக்குத்தான் விதி வேலை செய்கிறது.

மேலாய்வு செய்ய விரும்புவோருக்கு: வாங்குமுன் விளம்பரத்தின் அடியில் விற்பவரின் பதிவு முகவரியைப் பாருங்கள், பிரிட்டன் சட்டப்படி வணிகர் அதைக் கொடுத்தாக வேண்டும். ‘இன்னும் பத்து நாள் பொறுங்கள்’ என்ற செய்தி வந்தால், பொருள் வரவில்லை என்று புகார் கொடுக்கும் கெடு முடியும் நாளை உடனே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஈபேயில் அது, வந்து சேரும் என்று சொன்ன கடைசி நாளிலிருந்து 30 நாள். அந்தப் பத்து நாளை அவர் கேட்பதே இந்தக் கெடுவைத் தாண்டத்தான்.